ஹட்டனின் இளம் வீதி நாடகக் கலைஞருக்கு



உன் குழுவின் முதல் நாடகமே கொழும்பு காலிமுகத்திடலைப் பற்றியது என்று அறிந்ததில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் கதையை 2022இல் தொடங்காதே. அங்கே 'கோட்டா கோ கம' போராட்டக் கூடாரங்கள் எழுவதற்கு மூன்றரை ஆண்டுகள் முன்பே, 2018 ஒக்டோபர் 24 அன்று, ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் அதே திடலை நிறைத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் அழைத்து வந்த கூட்டமல்ல அது. முகநூலில் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு வந்தவர்கள். 500 ரூபாயாக இருந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 1,000 ஆக்கச் சொன்னார்கள்.

2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தம் தந்தது 700. சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 வந்தபோது 2021 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோவைக் கூட்டினார்கள், எட்டாதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். உன் நாடகத்தின் மையக் காட்சி கொழுந்து நிறுக்கும் இந்தத் தராசடியில்தான் இருக்கிறது, திடலில் அல்ல.

அதே 2018இல் படமெடுக்க ஆளில்லாத இன்னொன்றும் நடந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். அந்த வாக்கால் வந்த சபையோ லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கல் போட முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. முப்பது ஆண்டுகள்! 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகளும் அவ்வாண்டுத் தேர்தலுக்கு முன் ஆறாகப் பிரிந்தன: நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைக்குத் தனித்தனிச் சபைகள் கிடைத்தன.

நகர மக்களாட்சி பற்றிப் பேசுகிறவர்கள் சதுக்கத்தை மட்டும் காட்டுவார்கள். டெவன் தோட்டத்தின் சிவனு லெட்சுமணன் 1977 மே 11 அன்று நிலம் பறிபோவதை எதிர்த்து நின்று பொலிஸ் சூட்டில் விழுந்தது எந்தச் சதுக்கத்திலும் அல்ல.

ஆகவே ஹட்டன் பஸ் நிலையத்தில் ஆடு. அதோடு நிறுத்திவிடாமல் தோட்டத் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களங்களுக்கும் போ. கொழுந்து நிறுத்து வந்து அடுப்பு மூட்டும் மாலை வேளை வேண்டாம், பெண்களால் வர முடியாது. ஞாயிறு பிற்பகல் நல்லது. வட்டாரத்தின் சபை உறுப்பினரைக் கட்டாயம் அழை. நாடகம் முடிந்ததும் அவரை நடுவில் நிறுத்தி, தண்ணீர்க் குழாயைப் பற்றியும் பாதையைப் பற்றியும் அந்தப் பெண்களே கேட்கட்டும்.