கண்டகை: ஆறு இடம் மாற்றிய ஊர்

அன்புள்ள தம்பிக்கு,

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், முரம்பிட்ஜி ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் கண்டகை. சிட்னிக்குத் தென்மேற்கே சுமார் 390 கிலோமீட்டர் தொலைவில், சிட்னியையும் மெல்பர்னையும் இணைக்கும் ஹ்யூம் நெடுஞ்சாலையில் அது அமைந்துள்ளது. மக்கள்தொகை ஏறத்தாழ 2,000. சுற்றிலும் ஆடு, மாடு மேய்க்கும் புல்மேடுகள். ஆற்றோரத்து வண்டல் நிலத்தில் குதிரைமசால் முதலிய தீவனப் பயிர்கள்.

முரம்பிட்ஜி தென்கிழக்கே ஸ்னோயி மலைப்பகுதியில் பிறந்து, மேற்கு நோக்கி 1,400 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி மர்ரே ஆற்றில் கலக்கிறது. கண்டகைக்குச் சற்று முன்னதாக டூமட் ஆறு அதனுடன் சேர்கிறது. ஆகவே இரண்டு ஆறுகளின் நீர் ஒன்றாகி இந்த ஊரை வந்தடைகிறது. இங்கே ஆற்றை ஒட்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த சமவெளி. அதன் வடக்கே பர்னாசஸ் குன்று, தெற்கே மேட்டு நிலம். பெருமழை பெய்து கரை வழிந்தால் இந்தச் சமவெளிதான் ஆறாகிவிடும். கண்டகையின் வரலாறு முழுவதும் இந்த நில அமைப்பில் அடங்கியிருக்கிறது.

இப்பகுதியின் தொல்குடிகள் விரட்ஜுரி மக்கள். 1824-இல் ஆய்வுப் பயணிகளான ஹ்யூம், ஹோவல் இருவரும் தெற்குக் கடற்கரைக்கு வழி தேடிப் போனபோது இந்த வட்டாரத்தைக் கடந்தார்கள். 1829-இல் இன்னொரு ஆய்வுப் பயணியான சார்ல்ஸ் ஸ்டர்ட் முரம்பிட்ஜி வழியே தம் பயணத்தை நடத்தினார். பின்னர் ஆட்டு மந்தைகளும் கம்பளிப் பொதி ஏற்றிய மாட்டு வண்டிகளும் இந்த வழியே போகத் தொடங்கின. வண்டிகள் ஆற்றில் இறங்கிக் கடக்க ஏற்ற துறை இங்கே இருந்தது. துறைக்கு அருகில் கடையும் விடுதியும் வைப்பதுதான் வணிகருக்கு வசதி. அதனால் 1838-இல் அறிவிக்கப்பட்ட ஊர், மேட்டை விட்டுத் தாழ்ந்த சமவெளியிலேயே எழுந்தது. அங்கே பெருவெள்ளம் வரும் என்று விரட்ஜுரி மக்கள் எச்சரித்ததாகக் கூறப்படுகிறது.

எச்சரிக்கை 1852 ஜூனில் உண்மையாயிற்று. தென் அரைக்கோளத்தில் ஜூன் குளிர்காலம். இரவில் பெருகிய வெள்ளம் வீடுகளை அடித்துச் சென்றது. சுமார் 250 பேர் வாழ்ந்த ஊரில் குறைந்தது 78 பேர் இறந்தனர். ஆஸ்திரேலிய வரலாற்றில் மிகுதியான உயிர்களைப் பறித்த வெள்ளங்களில் இதுவும் ஒன்று. யாரி, ஜாக்கி ஜாக்கி என்ற விரட்ஜுரி ஆண்கள் இருவர், மரங்களிலும் கூரைகளிலும் தொற்றிக்கொண்டிருந்தவர்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தனர். யாரி பயன்படுத்தியது மரப்பட்டையால் செய்த சிறு தோணி. மீட்கப்பட்டவர்கள் 69 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த மீட்பைக் குறிக்கும் வெண்கலச் சிலை 2017-இல் ஊரில் நிறுவப்பட்டது.

வெள்ளத்துக்குப் பின் ஊர் பர்னாசஸ் குன்றின் சரிவுக்கும் தென்கரை மேட்டுக்கும் இடம்பெயர்ந்தது. உயிர் பிழைக்க அதுவே வழி. ஆனால் வடக்கு மேடும் தெற்கு மேடும் இப்போது ஒரு சமவெளியால் பிரிந்து நின்றன. போக்குவரத்துக்கு ஆற்றை மட்டும் தாண்டினால் போதாது. சமவெளி முழுவதையும் தாண்டியாக வேண்டும்.

1867-இல் திறக்கப்பட்ட பிரின்ஸ் ஆல்ஃபிரட் பாலம் அதற்கு முதல் விடை. ஆற்றின் மேல் இரும்புப் பாலம். சமவெளியின் மேல் நீண்ட மரப்பாலம். 1886-இல் கூட்டமண்ட்ராவிலிருந்து கிளை ரயில் பாதை கண்டகையை எட்டியது. 1903-இல் அது டூமட் வரை நீண்டபோது, தண்டவாளத்துக்கும் 800 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மரப்பாலம் கட்ட வேண்டியிருந்தது. 1977-இல் திறக்கப்பட்ட ஷீஹன் பாலம், 1 கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளத்தில் நெடுஞ்சாலையைச் சமவெளிக்கு மேலே தூக்கிச் சென்றது. கனரக வண்டிகள் ஊருக்குள் வராமலே போக வழி பிறந்தது. 2009-இல் அதன் அருகே இரண்டாவது பாலம் சேர்ந்தது.

ரயில் நிலைக்கவில்லை. 1984 வெள்ளத்தில் பாதை சேதமடைந்தபின் ரயில்கள் நின்றுவிட்டன. மரத்தாலான நிலையக் கட்டடம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. இன்று ரயிலில் வருபவர் சிட்னி–மெல்பர்ன் பாதையிலுள்ள கூட்டமண்ட்ராவில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். மாட்டு வண்டிக் காலத்தின் நினைவாக ஊருக்கு வடக்கே சுமார் 8 கிலோமீட்டரில் ஒரு சின்னம் உண்டு. வண்டிக்காரரின் உணவுப் பெட்டிமேல் காவல் இருக்கும் நாயின் சிலை அது. ஃபிராங்க் ரஸ்கோனி செய்த அதை 1932-இல் பிரதமர் ஜோசப் லயன்ஸ் திறந்துவைத்தார்.

1852-க்குப் பின்னர் முரம்பிட்ஜியின் மேற்பகுதியில் பரன்ஜக் அணையும், டூமட் ஆற்றில் பிளவரிங் அணையும் எழுந்தன. அவை வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கின்றன, முற்றிலும் தடுப்பதில்லை. 1974-இலும் 2012-இலும் சமவெளி நீரில் மூழ்கியது. வீடுகள் மேட்டில் இருந்ததால் 1852 திரும்பவில்லை.

எந்த ஊரைப் படித்தாலும் முதலில் ஆற்றையும் மேட்டையும் வரைந்துகொள். பிறகு சாலையையும் தண்டவாளத்தையும் அதன்மேல் குறித்துப் பார். அந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்பது தானே விளங்கும்.

அன்புடன்,
அண்ணன்