படத்தின் பின்பக்கம்

கிள்ளான் வட்டாரத் தமிழர் வீடுகளில் பழைய பிஸ்கட் டின் ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பதுண்டு. பிறப்புப் பத்திரம், தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, மங்கிப்போன கறுப்பு வெள்ளைப் படங்கள் ஆகியவை அதனுள் இருக்கும். படம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்ட ஓரிரு வரிகள் தெரியலாம். படத்தில் இருப்பவர் யார், அது எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதை அவ்வரிகள் சொல்லும். அவை இல்லாவிட்டால், இரண்டு தலைமுறைக்குப் பின் அப்படம் பெயர் தெரியாத சிலரின் படமாகிவிடும்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பெய்த கனமழையால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் ஏற்பட்டது. ஷா ஆலாமில் உள்ள தாமான் ஸ்ரீ மூடா போன்ற குடியிருப்புகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்தபின் சாலையோரங்களில் தளவாடப் பொருள்கள் மலைபோல் குவிந்தன. கட்டிலையும் குளிர்பதனப் பெட்டியையும் மீண்டும் வாங்கிவிடலாம். சேற்றில் ஊறிய குடும்பப் படத்தை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. வெள்ளம் மட்டுமல்ல; கரையான், ஈரப்பதம், வீடு மாறும் அவசரம் ஆகியவையும் ஒவ்வோர் ஆண்டும் இத்தகைய ஆவணங்களை அழிக்கின்றன.

இந்த ஆவணங்கள் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல. இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் துறைமுகத்துக்கு முன்பு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பல்லாண்டுகளாக இத்துறைமுகத்துக்குத் தமிழர்களைக் கொண்டுவந்தது. அவ்வாறு வந்தவர்களுள் பலர் தோட்டங்களில் பால்மரம் சீவினர். சிலர் இரயில் பாதைகளிலும் பணிமனைகளிலும் உழைத்தனர். கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. பிரிக்பீல்ட்சில் இரயில்வே ஊழியர்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ‘நூறு வீடுகள்’ இடிக்கப்பட்டுவிட்டன. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட ‘தமிழ் நேசன்’ நாளிதழும் 2019இல் நின்றுபோனது. இடங்களும் நிறுவனங்களும் மறையும்போது, அவற்றைப் பற்றிய சான்றுகள் வீட்டு டின்களிலும் முதியோர் நினைவிலும்தான் எஞ்சுகின்றன.

இழப்பிலிருந்து பாடம் கற்ற தமிழர்கள் வேறு நாடுகளிலும் உள்ளனர். 1981இல் இலங்கையின் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. ஒரே கட்டடத்தில் இருந்தவை ஒரே இரவில் அழிந்தன. 2005இல் ஈழத்து ஆர்வலர்கள் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கினர். இலங்கைத் தமிழரின் நூல்கள், இதழ்கள், நாளேடுகள் ஆகியவற்றை அவர்கள் மின்வருடி இணையத்தில் ஏற்றி வருகின்றனர். சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்களை அந்நாட்டுத் தேசிய நூலக வாரியம் மின்னிலக்கமாக்கியுள்ளது. மலாயாத் தமிழரைப் பற்றிய செய்திகளையும் அவ்விதழ்களில் காணலாம்.

இப்பணியில் கோலாலம்பூருக்கும் முக்கியப் பங்கு உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பின்னர் அவர் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ கணினியிலும், ‘செல்லினம்’ கைப்பேசியிலும் தமிழில் எழுத வழி செய்தன. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றபோது ‘தமிழ் மரபு அறக்கட்டளை’ தொடங்கப்பட்டது. ஜெர்மனியில் வசித்த நா. கண்ணனும், பினாங்கில் பிறந்து ஜெர்மனியில் வாழும் க. சுபாஷிணியும் அதன் தொடக்கத்துக்குக் காரணமானவர்கள். அவ்வமைப்பு பழைய நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் மின்னிலக்கமாக்கியதுடன், பலரின் பேச்சையும் ஒலிப்பதிவு செய்து வழங்குகிறது. ‘வல்லினம்’ இலக்கியக் குழுவினர் உருவாக்கிய ‘சடக்கு’ என்னும் தளமோ மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் தொடர்பான படங்களையும் பழைய இதழ்களையும் சேர்த்து வைக்கிறது. ‘சடக்கு’ என்பது மலேசியத் தமிழர் பேச்சில் சாலையைக் குறிக்கும் சொல்.

மின்னிலக்கமாக்கல் என்றதும் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது முதற்படியே ஆகும். ஒரு நூலின் பக்கத்தைப் படமெடுத்தால் மனிதர் அதைப் படிக்கலாம். கணினிக்கோ அது வெறும் படம்தான். அப்பக்கத்தில் ‘கிள்ளான்’ என்ற சொல்லைத் தேட வேண்டுமானால், படத்தில் உள்ள எழுத்துகளைக் கணினி எழுத்துகளாக மாற்ற வேண்டும். இதற்கு எழுத்துணரி மென்பொருள் உதவுகிறது. எனினும், 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ‘ணை’, ‘லை’, ‘றா’ போன்ற எழுத்துகள் வேறு வடிவில் அச்சாயின. அவற்றை மென்பொருள் தவறாகப் படிக்கக்கூடும். ஆகவே, தமிழ் அறிந்த ஒருவர் வரி வரியாகச் சரிபார்ப்பது அவசியம்.

மின்னிலக்கக் கோப்புகளும் அழியக்கூடியவையே. ஒரு காலத்தில் நெகிழ்வட்டுகளில் சேமிக்கப்பட்ட கோப்புகளைத் திறக்க இன்றைய கணினிகளில் வசதி இல்லை. யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைப் பின்பற்றின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்காலக் கட்டுரையைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். அதனால், ஆவணக் காப்பாளர்கள் ஓர் எளிய விதியைப் பின்பற்றுகின்றனர். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை குறைந்தது இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகளில் இருக்க வேண்டும். ஒரு படியாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். கிள்ளானில் உள்ள வீட்டில் வெள்ளம் புகுந்தாலும், ஈப்போவில் உள்ள உறவினர் வீட்டுப் படி பிழைத்துக்கொள்ளும்.

எனினும், நுட்பத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதுதான் படத்தின் பின்பக்கம். திறன்பேசியில் எடுத்த படத்துக்கு அக்கருவி எண்களால் ஆன ஒரு பெயரைத் தானே இட்டுவிடும். ஆயிரம் படங்களுக்கு நடுவே அப்பெயரால் எந்தப் பயனும் இல்லை. படத்தில் இருப்பவர் யார், இடம் எது, ஆண்டு எது, படத்தை வைத்திருந்தவர் யார், இந்த விவரங்களைச் சொன்னவர் யார் ஆகிய ஐந்து குறிப்புகளும் இருந்தால்தான் படம் ஆவணமாகும். எனவே, படத்தின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் மின்வருட வேண்டும். பின்பக்கம் வெறுமையாக இருந்தால், விவரம் அறிந்த முதியவரிடம் கேட்டு எழுத வேண்டும். கருவியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். பாட்டியின் நினைவு அதுவரை காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

முதியவர் பேசும்போது பெயர்களோடு சொற்களும் வெளிவரும். விடியற்காலையில் தொழிலாளர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்தது ‘பெரட்டு’. பால் சேகரித்த கிண்ணம் ‘மங்கு’. குடும்பங்கள் வரிசையாக வாழ்ந்த வீடுகள் ‘லயம்’. தோட்ட வாழ்க்கை மறைந்துவிட்டதால் இச்சொற்களின் புழக்கமும் குறைந்து வருகிறது. எழுத்தில் சொல்லின் பொருள் கிடைக்கும். சொல்பவரின் குரலும் ஏற்ற இறக்கமும் ஒலிப்பதிவில்தான் கிடைக்கும்.

இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகம் ஒன்று இதை ஓராண்டுத் திட்டமாக மேற்கொள்ளலாம். பிரிக்பீல்ட்சில் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களையும், கிள்ளானில் தோட்டங்களில் வேலை செய்தவர்களையும் மாணவர்கள் சந்திக்கலாம். நேர்காணலுக்கு முன் கேள்விகளைத் தயாரிக்க வேண்டும். “தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது?” என்று கேட்டால், “கஷ்டம்தான்” என்ற ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடலாம். “காலையில் பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள், தாத்தா? தம்பி தங்கையை யார் பார்த்துக்கொண்டார்கள்?” என்று கேட்டால் ஒரு நாளே கண்முன் விரியும். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தினால் ஒலிப்பதிவு தெளிவாக இருக்கும். சிறிய படங்களை மின்வருடும்போது, ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவைத் தேர்ந்தெடுத்தால் பின்னர் பெரிதாக்கிப் பார்க்கலாம். அசல் படத்தை உரியவரிடமே உடனே திருப்பித் தந்துவிட வேண்டும்.

பகிர்வதற்கு முன் அனுமதி பெறுவதும் கடமையாகும். குடும்பத்தார் பாதுகாக்க இசைந்த படங்கள் அனைத்தையும் உலகறியப் பகிர இசைவார்கள் என்று கருதக்கூடாது. கடன் சீட்டு, நோய், குடும்பப் பிணக்கு முதலியவற்றைப் பற்றிப் பேசிய பகுதிகளை வெளியிட வேண்டாம் என்று முதியவர் சொன்னால், அதை மதிக்க வேண்டும். நூல்களுக்கும் இவ்வாறே வரம்பு உண்டு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் மேலும் 50 ஆண்டுகளும் இலக்கியப் படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. அக்காலத்துக்குள் முழு நூலையும் இணையத்தில் ஏற்ற விரும்புவோர் உரிமையாளரின் இசைவைப் பெற வேண்டும்.

அரண்மனைகளும் கோட்டைகளும் ஒரு நாட்டின் வரலாற்றைச் சொல்லும். உழைத்து வாழ்ந்த எளிய மக்களின் வரலாற்றை அவர்களுடைய சம்பளச் சீட்டும் திருமணப் படமும் பேச்சும்தான் சொல்லும். அவற்றைத் திரட்டப் பெரிய நிதியோ பெரிய கட்டடமோ வேண்டியதில்லை. ஒரு திறன்பேசி, ஒரு குறிப்பேடு, பொறுமையாகக் கேட்கும் காது ஆகியவை இருந்தால் இன்றே தொடங்கலாம். மாணவர் ஒருவர் இந்த வார இறுதியில் பாட்டியின் அருகில் அமர்ந்து, பிஸ்கட் டின்னைத் திறந்து, “இது யார் பாட்டி?” என்று கேட்டால் போதும். அப்பதில் எழுதப்பட்டுவிட்டால், படத்தில் இருப்பவர் தம் பெயரை இழக்கமாட்டார்.