அரண்மனையும் குடிசையும் காத்த நாய்

நுழையும்முன்

ஜீவனஹள்ளித் தெருக்களில் மாலை வேளையில் உலவுவோருடன் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பக் முதலிய அயல்நாட்டு நாய்கள் செல்வதைக் கண்டிருப்பீர்கள். நாம் வாழும் கர்நாடகத்திற்கும் நம் முன்னோர் வாழ்ந்த தமிழ்நாட்டிற்கும் உரிய நாயினங்கள் எவை? அவை அழியாமல் எவ்வாறு நின்றன? ஓர் அரச குடும்பம் நாய் வளர்த்த வரலாற்றின் வழியே விடை காண்போம்.

வேடரின் துணைவன்

பெங்களூருக்கு வடமேற்கே ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில், பாகல்கோட்டை மாவட்டத்தில், கட்டபிரபா ஆற்றங்கரையில் அமைந்த ஊர் முதோள். அப்பகுதியின் வறண்ட சமவெளியில் வாழ்ந்த பேடர் என்னும் வேட்டைக் குடியினர், மெலிந்த உடலும் நீண்ட கால்களும் உடைய நாய்களை வளர்த்துவந்தனர். இந்நாய்கள் மோப்பத்தைவிடப் பார்வையையே நம்பி வேட்டையாடுபவை. தொலைவில் ஓடும் முயலைக் கண்டதும் காற்றெனப் பாய்ந்து பற்றுபவை.

இவற்றின் உறுப்புகள் ஓட்டத்திற்கென்றே அமைந்தவை. ஆழ்ந்த மார்பு, பெரிய இதயத்திற்கும் நுரையீரலுக்கும் இடம் தருகிறது. ஒடுங்கிய வயிறும் வளையும் முதுகும் நெடும் பாய்ச்சலுக்கு உதவுகின்றன. குட்டையான மயிர் வெயிலைத் தாங்கத் துணைபுரிகிறது. மேற்காசியாவிலிருந்து முற்காலத்தில் வந்த வேட்டை நாய்கள் இவ்வினத்தின் மூதாதையர் எனக் கருதுவோர் உண்டு.

உடும்பின் பெயர் தாங்கிய குடும்பம்

முதோள், 1948 வரை ஒரு சிற்றரசாக விளங்கியது. அதனை ஆண்டவர்கள் கோர்படே குடும்பத்தினர். மராத்தி மொழியில் 'கோர்பட்' என்பது உடும்பைக் குறிக்கும். உடும்பின் உடலில் கயிற்றைக் கட்டிக் கோட்டைச் சுவரில் ஏறவிட்டு, அதன் பிடியை நம்பி மேலேறிய வீரர் ஒருவரின் வழியினர் ஆதலால் இப்பெயர் பெற்றனர் என்பது செவிவழிச் செய்தி. தமிழில் நாம் 'உடும்புப்பிடி' என்று கூறுவதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

இக்குடும்பத்தில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசராக இருந்தவர் மாலோஜிராவ் கோர்படே. மேனாட்டு நாய்களை வாங்கி வளர்ப்பதைப் பெருமையாகக் கருதிய சமஸ்தானங்கள் அக்காலத்தில் பல. மாலோஜிராவோ தம் குடிமக்களின் வேட்டை நாய்களை உற்றுநோக்கினார். தேர்ந்தெடுத்த நாய்களை இணைசேர்த்து, நலிந்திருந்த இனத்தை மீட்டார். இங்கிலாந்து சென்றபோது மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு ஓர் இணை நாய்களைப் பரிசாக அளித்தார். வேடர் குடிசையின் முற்றத்தில் உறங்கிய நாய், அதன்பின் முதோள் என்னும் ஊரின் பெயராலேயே புகழ் பெற்றது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அரசர் நாயினத்தைப் படைக்கவில்லை. பெயர் தெரியாத வேடர்கள் பல தலைமுறைகளாகக் காத்துத் தந்ததையே அவர் பெற்றார்.

வம்சாவளியும் கண்காட்சியும்

ஒரு நாயின் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்களின் பெற்றோர் எண்மர். ஆகவே மூன்று தலைமுறை வம்சாவளிச் சான்றில் 14 பெயர்கள் இடம்பெறும். தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒரே பெயர் மீண்டும் வருமாயின், நெருங்கிய உறவுக்குள் இணைசேர்க்கை நிகழ்ந்துள்ளது என்பது பொருள். இது தொடர்ந்தால் உள்ளே மறைந்திருக்கும் குறைகள் குட்டிகளில் வெளிப்படும். விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம் நாய்களின் தூய வெண்ணிறம் பலரைக் கவர்வது. ஆனால் அவற்றுள் சில பிறவியிலேயே செவிப்புலன் அற்றவை. நிறத்தை மட்டும் நாடி, கேட்கும் திறனைச் சோதிக்காமல் இணைசேர்த்தால் அக்குறை பெருகும்.

முறையான நாய்க் கண்காட்சி முதன்முதலில் 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடைபெற்றது. இந்தியாவில் வம்சாவளியைப் பதிவுசெய்யும் இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில் உள்ளது. கண்காட்சியில் நடுவர் ஒரு நாயை மற்றொரு நாயுடன் மட்டும் ஒப்பிடுவதில்லை. ஒவ்வொன்றையும் அதன் இனத்திற்கென எழுதப்பட்ட இலக்கணத்துடன் ஒப்பிடுகிறார். நாயின் 42 பற்கள், நிற்கும் நிலை, நடை, இயல்பு ஆகியவற்றை ஆராய்கிறார். அணிமணிகளுக்கு அங்கு மதிப்பெண் இல்லை.

அரசு போனபின்

சிற்றரசுகள் மறைந்தபின் நாட்டு நாய்களை ஆதரிக்கும் கைகள் குறைந்தன. அயல்நாட்டு இனங்களின்மீது கொண்ட மோகம் மிகுந்தது. அக்காலத்தும் முதோளைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் உழவரும் ஆயரும் இந்நாய்களைக் கைவிடவில்லை. இன்று அங்கு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் குட்டிகளை வளர்த்து விற்று வருவாய் ஈட்டுகின்றன. முதோளை அடுத்த திம்மாபூரில் கர்நாடகக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாயின ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. 2016இல் முதோள் குட்டிகள் மீரட்டிலுள்ள இராணுவப் பயிற்சி மையத்திற்கு அனுப்பப்பட்டன.

2005இல் அஞ்சல்துறை வெளியிட்ட நாயின அஞ்சல்தலைகளில் முதோள் நாயும் இராசபாளையம் நாயும் இடம்பெற்றன. 2020இல் தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் முதன்முறையாக நாயினங்களைப் பதிவுசெய்தபோது, ஏற்கப்பட்டவை மூன்று: இராசபாளையம், சிப்பிப்பாறை, முதோள். முன்னிரண்டும் தமிழ்நாட்டுக்குரியவை, மூன்றாவது கர்நாடகத்துக்குரியது.

புகழும் ஒரு சோதனையே. தேவை மிகும்போது சிலர் பெண் நாயை ஓய்வின்றி ஈன வைப்பர். கலப்பினக் குட்டியைத் தூய இனம் என்று விற்பர். இதனைத் தடுக்கவே 2017இல் நடுவண் அரசு விதிகளை வகுத்தது. பெண் நாய்க்கு 18 மாதம் நிறையும்முன் இணைசேர்த்தல் கூடாது. 12 மாதங்களில் ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்றல் கூடாது. நாய் கருவுற்று ஈனுவதற்கு ஏறத்தாழ 63 நாள் ஆகும். ஈன்றபின் தாயின் உடல் தேற அதனினும் நெடுநாள் வேண்டும்.

வேடர் திறமையைத் தந்தனர். அரசர் புகழைத் தந்தார். சிற்றூரார் தொடர்ச்சியைத் தந்தனர். நேர்மையான பதிவும் உயிரின்மேல் இரக்கமும் இன்று நாய் வளர்ப்போர் தர வேண்டியவை. நாயை வாங்கும்போது அதன் விலையை வினவுவதோடு, அதன் தாய் எங்கே, எந்நிலையில் உள்ளது என்றும் வினவுதல் நம் கடமை.

சொல்லும் பொருளும்

ஆயர் – ஆடுமாடு மேய்ப்போர்
ஈற்று – ஒரு முறை ஈனுதல்
நடுவண் அரசு – மத்திய அரசு
வம்சாவளி – தலைமுறை வரிசை

மொழியோடு விளையாடு

தமிழில் 'வ' என வரும் சொற்கள் சில, கன்னடத்தில் 'ப' என வரும். வேடர் – பேடர், வேட்டை – பேட்டெ, வில் – பில்லு. நீங்கள் அறிந்த கன்னடச் சொற்களிலிருந்து இத்தகைய இணைகள் மூன்றினை எழுதுக. (குறிப்பு: வாழை, வேர், வேண்டும்)

மதிப்பீடு

1. பேடர் என்போர் யாவர்? அவர்தம் நாய்கள் எவ்வாறு வேட்டையாடின?
2. நான்கு தலைமுறை வம்சாவளிச் சான்றில் எத்தனை பெயர்கள் இடம்பெறும்? கணக்கிட்டு எழுதுக.
3. 'புகழும் ஒரு சோதனையே' – பாடப்பகுதி கொண்டு விளக்குக.
4. 'உடும்புப்பிடி' என்னும் தொடரைச் சொற்றொடரில் அமைத்து எழுதுக.
5. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் அவர்கள் சொந்த ஊரில் வளர்த்த நாயைப் பற்றிக் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.