மொட்டைத் தலைக்கும் அடர்த்திக்கும் முடிச்சு

கோடை விடுமுறை முடிகிற சமயத்தில் தோல் மருத்துவர்களான எங்களிடம் ஒரு தனிக் கூட்டம் வரும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள். தலையில் துப்பட்டா, அல்லது அண்ணனுடைய கிரிக்கெட் தொப்பி. அம்மா அதை எடுத்ததும் புது மொட்டை. "முடி எலிவால் மாதிரி இருந்துச்சு டாக்டர். வயசுக்கு வர்றதுக்குள்ள ஒரு மொட்டை போட்டுட்டா அடர்த்தியா வளரும்னாங்க. இப்ப என்னடான்னா மண்டை வெளுத்துக் கிடக்கு, தேமலான்னு பாருங்க." பிள்ளை தலை நிமிராது.

சொன்னது யாரென்று கேட்டால் பெரியம்மா, பார்லர் அக்கா, யூடியூப் என்று பட்டியல் வரும். இவர்களில் ஒருவராவது அந்த மொட்டையோடு ஜூன் மாதம் பள்ளி வேனில் ஏறப் போகிறாரா?

வேண்டுதலுக்காக மொட்டை போடுகிறவர்களோடு எனக்கு வம்பில்லை. பழநியோ, சமயபுரமோ, திருப்பதியோ, அது அவர்களுக்கும் சாமிக்கும் உள்ள கணக்கு. காணிக்கை கொடுத்த முடிக்கு வட்டியும் முதலுமாக அடர்த்தியை எதிர்பார்க்கிறார்களே, அவர்களோடுதான் சண்டை. மழித்தால் முடி அடர்த்தியாகாது. வேகமாக வளராது. கருமையும் கூடாது. எத்தனை மொட்டை போட்டாலும் இதுதான்.

"கறிவேப்பிலைச் செடியைக் கிள்ளக் கிள்ளத்தானே துளிர்க்குது?" என்பார்கள். செடிக்கு வளர்ச்சி நுனியில் இருக்கிறது. அந்த நுனியைக் கிள்ளினால் பக்கத்து மொட்டுகள் விழித்துக்கொள்ளும். முடிக்கு உயிரெல்லாம் அடியில்தான். தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் முடிப்பையில்தான் அது உருவாகிறது. வெளியே தெரிகிற இழை செத்த புரதம். அதை பிளேடால் வெட்டிய சேதி அடியில் இருக்கிற வேருக்குப் போய்ச் சேர வழியே கிடையாது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடிப்பைகள் இருக்கின்றன. அத்தனையும் பிறக்கும்போதே கொண்டு வந்தவை. பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட முளைப்பதில்லை.

இது எங்கள் துறையில் நேற்று வந்த ஞானமும் இல்லை. 1928இல் மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர், சில ஆண்களைத் தொடர்ந்து முகம் மழிக்கச் சொல்லி, விழுந்த முடியை அளந்து பார்த்தார். தடிமனும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. 1970இல் வெளியான இன்னோர் ஆய்வில் ஐந்து ஆண்கள் வாராவாரம் ஒரு காலை மட்டும் பல மாதம் மழித்தார்கள். மற்றக் காலைத் தொடவில்லை. இரண்டு காலிலும் முடி ஒன்றுபோலத்தான் இருந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா என்று கேட்க வேண்டாம். பிளேடு பட்டதை அறியாத விஷயத்தில் தலையின் முடிப்பையும் காலின் முடிப்பையும் ஒன்றுதான். ஆய்வெல்லாம் வேண்டாம் என்றால் வீட்டு ஆண்களைப் பாருங்கள். பதினெட்டு வயதிலிருந்து அன்றாடம் சவரம் செய்கிறவருக்கு அறுபது வயதில் முகம் காடாகிவிட்டதா? வழுக்கை விழுந்தவர்கள் வாரம் ஒருமுறை மழிக்கிறார்கள். அவர்களுக்கு ஏன் முளைக்கவில்லை?

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு நிஜமாவே அடர்த்தியாச்சே" என்று அடுத்த வாதம் வரும். ஆகியிருக்கும், மறுக்கவில்லை. மழிக்காத முடியின் நுனி மெலிந்து முடியும். மழித்தது மட்டமாக வெட்டுப்பட்டு நிற்கும். அதனால் தடவினால் சொரசொரக்கும், தடித்ததுபோல் தோன்றும். வெயில் படாத வெளிர் மண்டையில் கறுப்பாகக் குத்திட்டு நிற்கும்போது கண்ணும் ஏமாறும். போதாததற்கு, குழந்தை முடி வயது ஏற ஏறத் தானாகவே தடிக்கும். ஒரு வயதில் மொட்டை போட்டு மூன்று வயதில் பார்த்தால் மாற்றம் தெரியத்தான் செய்யும்; போடாத குழந்தைக்கும் தெரியும்.

பெரியவர்களிடம் நடக்கிற ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. டெங்குவோ டைபாய்டோ வந்து போன இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். பிரசவத்துக்குப் பிறகும் இப்படித்தான். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே நின்று, மறுபடி வளரும். கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போதுதான் மனம் பொறுக்காமல் மொட்டை போடுகிறார்கள். அதன் பிறகு எப்படியும் நிற்கவேண்டியது நிற்கிறது. பெயர் மட்டும் மொட்டைக்கு. புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து முடி இழந்தவர்களுக்குச் சில சமயம் சுருட்டையாகவோ வேறு நிறத்திலோ திரும்ப வளர்வது உண்டு. அது மருந்து முடிப்பையைத் தொட்டதால் வந்த மாற்றம். அதையும் மொட்டைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

சரி, நஷ்டம் என்ன? தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். முப்பது சென்டிமீட்டர் வர இரண்டரை வருடம். ஏழாம் வகுப்பில் எடுத்த பின்னல் பத்தாம் வகுப்பில்தான் திரும்பக் கிடைக்கும். 'சிவாஜி' படத்தில் ரஜினி மொட்டையோடு வந்தபோது தியேட்டரில் விசில் பறந்தது. அதே மொட்டையோடு ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் வகுப்புக்குள் நுழைந்தால் விசிலா கிடைக்கும்? "அவளைக் கேட்டீங்களா?" என்று நான் கேட்டால், சின்னப் பிள்ளையிடம் என்ன கேட்பது என்று என்னையே விநோதமாகப் பார்க்கிறார்கள். தீபாவளிக்கு என்ன நிறத்தில் துணி வேண்டும் என்று மட்டும் அவளைக் கேட்கத் தெரிகிறது.

போட்டது போட்டாயிற்று. இனி கண்ணாடியில் தெரிகிற அந்தப் புது ஆளைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் மிச்சப் பயமெல்லாம் அங்கேதான். மண்டை வெளுத்திருப்பது தேமலும் இல்லை, வெண்புள்ளியும் இல்லை. வருடக்கணக்காக முடியின் நிழலில் இருந்த தோல், வெயில் பட்ட முகத்தைவிட வெளிறித்தான் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராக வெளுப்பு இருந்தால் கவலையே வேண்டாம், கொஞ்ச நாளில் முகத்தின் நிறத்தோடு சேர்ந்துவிடும். திட்டுத்திட்டாக இருந்தாலோ, செதில் உதிர்ந்தாலோ, ஓரிடத்தில் மட்டும் முடி முளைக்காமல் இருந்தாலோ வாருங்கள். அது படையாக இருக்கலாம், புழுவெட்டாக இருக்கலாம்.

பின்மண்டையில் கட்டி என்று நடுங்கிக்கொண்டு வருகிற ஆண்கள் உண்டு. பிடரிக்கு மேலே நடுவில் தட்டுப்படுவது மண்டையோட்டின் இயல்பான புடைப்பு. காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தட்டுப்படுவதும் எலும்புதான். வருடக்கணக்காக அங்கேயே இருக்கிறது, நீங்கள்தான் இப்போது சந்திக்கிறீர்கள். தலை ஒரு பக்கம் சப்பையாகத் தெரிந்தால் குழந்தையில் ஒரே பக்கமாகப் படுத்திருப்பீர்கள். காது பெரிதாகவில்லை, மறைத்த முடி போய்விட்டது, அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். தொப்பி போட்டால் முடி வளராது என்பது பொய். முடிப்பைக்கு ஆக்ஸிஜன் ரத்தத்தில் வருகிறது, காற்றில் வருவதில்லை. உச்சி வெயிலில் போகும்போது தொப்பி அவசியம் போடுங்கள், இல்லையென்றால் சன்ஸ்கிரீன் தடவுங்கள். புது மொட்டை சுலபமாகக் கருகும். மொட்டை போட்டால் சளி பிடிக்கும் என்பதும் பொய். சளி வைரஸால் வருகிறது. சந்தனம் குளிர்ச்சிக்குச் சரி, பிளேடு கீறிய இடத்துக்கு அது மருந்தில்லை. சின்ன வெங்காயச் சாறும் பூண்டும் அரைத்துத் தேய்த்துக் கொப்புளத்தோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பேச்சே வராது. இன்னொன்று, நாவிதர் உங்கள் கண்ணெதிரே புது பிளேடு மாட்டாமல் தலையைக் குனியாதீர்கள். ஹெபடைடிஸ் பி அடுத்தவர் தலையில் பட்ட பிளேடில் வரக்கூடியது.

எலிவால் முடிக்கு என்னதான் செய்வது என்கிறீர்களா? மொட்டைக்கு முன்னால் ஒரு ஹீமோகுளோபின், முடிந்தால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மாதவிடாய் தொடங்கி, காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைக்கு முடி கொட்டினால் நான் முதலில் சந்தேகப்படுவது இரும்புச்சத்தைத்தான். அதற்கென்று அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு நீல மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். அதை வாங்கி வெளியே எறிந்துவிட்டு, மொட்டைக்கு நல்ல நாள் பார்க்கிற வீடுகள் இருக்கின்றன! அந்த மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள், வயிறு புரட்டாது. கூடவே டீ, காபி வேண்டாம். சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை இருந்தால் இன்னும் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்தக் கூடாது.