இதயத் தாளமும் சர்ப்பகந்தா வேரும்

எளாவூர், கும்மிடிப்பூண்டி போன்ற ஆலைப் பகுதிகளில் ஒருவர் மயங்கி விழுந்தால், முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா கொடுத்து, "வெயில் மயக்கம்" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் சில மயக்கங்களுக்கு இதயத் தாளம் தவறுவதே காரணம் என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இதயத்தின் வல மேலறையில் உள்ள ஒரு சிறு கணுவில் மின்தூண்டல் பிறக்கிறது. 1907ஆம் ஆண்டு கீத், ஃபிளாக் என்னும் இருவர் இக்கணுவை விவரித்தனர். சோடியம் அயனிகள் தசைச் செல்களுக்குள் நுண்ணிய வாயில்கள் வழியே பாய்வதால் அத்தூண்டல் இதயமெங்கும் விரைந்து பரவுகிறது. இவ்வாயில்கள் பழுதுற்றால் தாளம் குலையும்.

இவ்வாராய்ச்சியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. சலீமுசமான் சித்திக்கி என்னும் வேதியியலறிஞர், டில்லி திப்பியா கல்லூரியில் சர்ப்பகந்தா வேரை ஆராய்ந்து, 1931இல் ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அதற்கு 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். சோடியம் வாயில்களை அடைக்கும் இப்பொருள், பின்னாளில் ஐரோப்பாவில் தாறுமாறான துடிப்பை அடக்கும் மருந்தாயிற்று.

1992இல் புருகாடா சகோதரர்கள் 8 நோயாளிகளைப் பற்றி எழுதினர். இதய அமைப்பில் குறையில்லை, இ.சி.ஜி.யில் மட்டும் ஒரு தனி வடிவம். இந்நோயுற்றோர் உறக்கத்திலேயே இறந்துபோவதும் உண்டு. பலரிடம் அவ்வடிவம் மறைந்தே இருக்கும். மருத்துவர் கண்காணிப்பில் அஜ்மலினை ஊசிவழிச் செலுத்தினால் அது வெளிப்படும். அடக்க வந்த மருந்தே நோயைக் காட்டிக்கொடுக்கும் கருவியானது விந்தையன்றோ!

தாளம் குலைந்தவுடன் மின்னதிர்ச்சி தந்து மீட்கும் கருவி 1980இல் முதன்முதலாக மனித உடலில் பொருத்தப்பட்டது. புருகாடா நோய்க்கும் இன்று அதுவே முதன்மையான காப்பு. 2011இல் நாடெமானி குழுவினர், வலக் கீழறையின் வெளிப்புறத்தில் கோளாறுள்ள சிறு பகுதியை வெப்பத்தால் சுட்டு நோயைத் தணிக்கலாம் எனக் காட்டினர்.

வேரை வாங்கி அரைத்துக் குடிப்பது வைத்தியமாகாது; ஆபத்தே விளையும். காரணமின்றி மயங்கி விழுவோரும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் கண்டோரும் ஒருமுறை இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தல் நன்று. இந்நோய் உள்ளோர்க்குக் காய்ச்சலும் தாளத்தைக் குலைக்கும். உடனே தணித்தல் வேண்டும். நண்பர்களே, சோடா கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை!