நுழைவதும் பொருந்துவதும்

அளவறிந்து செய்யும் செயலே நலம் பயக்கும். எமதூராகிய திருமுக்கூடல் இவ்வுண்மையைக் கல்லிற் பொறித்து வைத்துள்ளது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்விடத்துத் திருக்கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்றுண்டு. பதினொன்றாம் நூற்றாண்டினதாகிய அதன்கண் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும், அங்கு வைத்தற்குரிய மருந்துகளும், அவற்றின் அளவுகளும் வரையறுக்கப்பட்டுள. மருந்துக்கு அளவு வேண்டுமெனின், வெடிமருந்துக்கு அது வேண்டாவோ?

சென்ற கோடை விடுமுறையில் எம் பெரியப்பா, உரிமத்துடன் தம்மிடமுள்ள பழைய 16 போர் பம்புத் துப்பாக்கியில் புதிய தோட்டா ஒன்றை இட்டுப் பார்த்தார். அது தடையின்றி நுழைந்தது. “நுழைந்துவிட்டதே, இனி என்ன?” என்றார். அவ்வினாவால் யாம் கற்றவற்றை ஈண்டுக் கூறுவாம்.

பம்புத் துப்பாக்கியாவது, குழலின்கீழுள்ள கைப்பிடியைப் பின்னிழுத்து முன்தள்ள, சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறிப் புதியது உட்புகும் அமைப்புடையது. ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்கர் வகுத்த வின்செஸ்டர் 1897-ம் மாதிரி இவ்வகையிற் பேர்பெற்றது; 1957 வரை அது செய்யப்பட்டது. அதன் பழைய 16 போர்த் துப்பாக்கிகளில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். இக்காலத்து 16 போர்த் தோட்டாவோ பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு நெல்லின் நீளமும் ஆகாது. ஆயினும் கேடு அதனுள்ளேயே உளது.

நீண்ட தோட்டா குறுகிய அறையுள் நுழைந்தது எங்ஙனம்? தோட்டாவுக்குக் கூறப்படும் நீளம், அது வெடித்து வாய் விரிந்தபின் உள்ள நீளமாகும். வெடிக்குமுன் வாய் மடிந்திருத்தலின் அது குறுகியிருக்கும். ஆதலின் எளிதில் நுழையும். அறையின் முடிவிலோ குழல் கூம்புபோல் ஒடுங்குகின்றது. வெடிக்கும்போது மடிப்பு அவ்வொடுக்கத்தினுள் விரிந்து வழியை நெருக்கும். ரவைகள் அந்நெருக்கத்தைப் பிதுங்கிக் கடக்க வேண்டியிருத்தலின் அழுத்தம் மிகும்; தோளில் உதைப்பும் மிகும்; பழைய எஃகு நைந்திருப்பின் குழல் வெடித்தலும் கூடும். சுட்ட கூடு நீண்டுவிடுவதால், வெளியேறும் வாயிலிற் சிக்கிக்கொள்வதும் உண்டு.

ஆகலின் கண்ணளவை நம்பலாகாது. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அறையின் நீளம் பொறிக்கப்படவில்லை. வல்லுநரிடம் கொடுத்து, அறையை அளவுகோல் கொண்டு அளத்தல் வேண்டும். குழலின் துருவையும் தேய்வையும் ஆராய்தல் வேண்டும். அறையின் நீளத்துக்கேற்ற, அழுத்தம் குறைந்த தோட்டாவையே வாங்குதல் வேண்டும். ஈயத்துக்கு மாறாக எஃகு ரவை இட்ட தோட்டாக்கள், வாய் ஒடுங்கிய பழங்குழல்களுக்கு ஆகா. அறையை நீளக் கடைவதும் சுவரை மெலிவிப்பதாகலின் எளிதிற் செய்யத் தக்கதன்று.

பெரியப்பா எம் சொற்கு இணங்கித் துப்பாக்கியை அளப்பித்தார். அறை 65 மில்லிமீட்டரே இருந்தது. புதிய தோட்டாக்கள் பெட்டிக்கே மீண்டன. நுழைவனவெல்லாம் பொருந்துவன அல்ல என்னும் பாடத்தை யாம் அன்று கற்றேம். ஒரு விரலும் இழவாமற் கற்றது எம் நற்பேறே.