மூளைக்குப் பாயும் நான்கு வாய்க்கால்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரச் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு நெய்யாறு இடதுகரைக் கால்வாயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2004-ஆம் ஆண்டில் அதன் நீர் எல்லை கடந்து செல்வது நின்றபின் விளவங்கோட்டு வயல்கள் வாடின. மண்ணில் குற்றமில்லை, நீர்தான் வரவில்லை. பக்கவாதமும் இத்தகையதே. கையும் காலும் விழுந்தால் அங்கேயே நோயைத் தேடி எண்ணெய் தேய்க்கிறோம். நோயோ மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியில் இருக்கிறது. மருத்துவம் பயில்பவன் என்ற முறையில் இதனைச் சிறிது விளக்க விழைகிறேன்.

மூளையின் எடை உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும், இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். சேமித்து வைத்துச் செலவிட அதனால் இயலாது. ஆதலின் இரத்தம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளைத்திசு அழியத் தொடங்குகிறது.

இவ்விரத்தத்தைத் தருபவை நான்கு தமனிகள். கழுத்தின் முன்புறம் இரண்டு ஏறுகின்றன. மற்றிரண்டு, கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே பின்புறம் ஏறி ஒன்றாகக் கூடுகின்றன. மூளையின் அடியில் இவை யாவும் ஒரு வளையமாக இணைகின்றன. 1664-இல் இதனை விளக்கி எழுதிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரால் இது வில்லிஸ் வளையம் எனப்படுகிறது. ஒரு தமனி அடைபட்டால் மற்றவை இவ்வளையத்தின் வழியே உதவக்கூடும். ஆனால் பலருக்கு வளையம் முழுமையாக அமைவதில்லை. வளையத்தைக் கடந்த கிளைகளில் அடைப்பு நேர்ந்தாலோ, இவ்வுதவி பெரும்பாலும் போதாது.

எந்தக் கிளை அடைபட்டது என்பதை நோயின் குறியே காட்டும். நடுத்தமனி அடைபட்டால் முகம் கோணும், கை தளரும். இடப்பக்கமாயின் பெரும்பாலோர்க்குப் பேச்சும் போகும். முன்தமனியாயின் கால் தளரும். பின்தமனிகளாயின் பார்வை குன்றும், நடை தள்ளாடும். இடமூளை பழுதுற்றால் வல உடல் தளரும் என்பதையும் நினைவிற் கொள்க.

அடைப்பன்றி, தமனி வெடித்து இரத்தம் கசிவதாலும் பக்கவாதம் வரும். வெளிக்குறிகளைக் கொண்டு இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய இயலாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். அடைப்பாயின், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். பெருந்தமனியில் சிக்கிய கட்டியைக் குழாய் செலுத்தி வெளியே இழுக்கும் முறையும் உண்டு. அதற்குப் பொதுவாக ஆறு மணி நேரம். தேர்ந்தெடுத்த சிலர்க்கு இருபத்துநான்கு மணி வரையிலும் செய்யலாம். கசிவாயின் கரைக்கும் மருந்து உயிருக்கே உலை வைக்கும்.

2005-இல் திருவனந்தபுரத்தில் நடந்த பக்கவாதப் பதிவாய்வு ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஆண்டுக்கு இலட்சம் பேரில் நகரத்தில் 135 பேருக்கும், சிற்றூரில் 138 பேருக்கும் இந்நோய் கண்டது. ஆக, நோய் வருவதில் வேறுபாடில்லை. ஆனால் 28 நாட்களுக்குள் இறந்தோர் நகரத்தில் நூற்றுக்கு 24.5, சிற்றூரிலோ 37.1! தூரமும் தாமதமும் இதற்குக் காரணங்களாகும் என்றே நான் கருதுகிறேன்.

தூரத்தை நம்மால் குறைக்க இயலாது, தாமதத்தைக் குறைக்கலாம். திடீரென முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். எல்லையின் இருபுறமும் எண் அதுவே. ஸ்கேனும் கரைக்கும் மருந்தும் உள்ள மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துச் சொல்ல வேண்டும். உண்ணவோ பருகவோ எதுவும் தரலாகாது. தாமாக மாத்திரையும் தரலாகாது. குறிகள் சில நிமிடங்களில் தாமே மறைந்தாலும் அது நலமன்று, எச்சரிக்கை. அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

தமிழில் பக்கவாதம் என்றாலும், மலையாளத்தில் பக்ஷாகாதம் என்றாலும் நோய் ஒன்றே. விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள் இம்மூன்று குறிகளையும் அந்த ஓர் எண்ணையும் இரு மொழியிலும் தம் வீட்டாருக்குச் சொல்லித் தருவார்களாக. அது நாம் கற்ற கல்வியின் பயன்களுள் ஒன்றாகும்.